கரைக்கு மரம் ஆகாது

அந்த அணையில் தண்ணீர் இருக்காது. வருடத்தின் பெரும்பாலான நாட்களில் அதன் ஒரு பக்கம் பெரிய காய்ந்த பள்ளம். அதில் பந்து விளையாடுவார்கள், புதிதாகக் கார் வாங்கியவர்கள் ஓட்டிப் பழகுவார்கள். மறுபக்கம் புல்சரிவு இறங்கி முடிகிற இடத்தில் வரிசை வீடுகள். அவற்றுக்குப் பின்னால் கடைத்தெரு, அதற்கும் பின்னால் முழு நகரம். மேட்டுப்பக்கம் பெருமழை பெய்தால் அந்த வெள்ளமெல்லாம் பள்ளத்துக்கு வந்துசேரும். கரைக்கு அடியில் ஒரு குழாய் போகிறது. குழாய் கொள்கிற அளவு தண்ணீர்தான் ஊருக்குள் போக முடியும். மிச்சம் பள்ளத்தில் நின்று, தன் முறை வந்ததும் போகும். ஷட்டர் இல்லை, மோட்டார் இல்லை, திறக்கவோ மூடவோ எதுவும் இல்லை. வெறும் மண்கரை.

எதுவும் இல்லாததால் ஆளும் வேண்டியதில்லை என்று பலரும் நினைத்தார்கள். அந்தக் கரையைப் பார்த்துக்கொள்கிற விசிலக்காவின் கொழுந்தன் அவர்களில் முக்கியமானவன். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "அண்ணி, டேம் எப்படி இருக்கு? இன்னும் காஞ்சேதான் கிடக்கா?" என்று ஆரம்பித்துவிடுவான். "அது காஞ்சு கிடக்கறதாலதான் நீ நனையாம இருக்கே" என்பாள் விசிலக்கா. அவன் சிரிப்பான். அடுத்த முறையும் அதையே கேட்பான்.

அவளுடைய வேலையைச் சொன்னால் வேலையாகவே தோன்றாது. சரிவில் புல்லைக் கட்டையாக வெட்டிவைக்க வேண்டும். புல் உயர்ந்தால் எலி வளை கண்ணுக்குத் தெரியாது. வளை தெரிந்தால் அடைக்க வேண்டும். குழாயின் வாயில் இருக்கும் கம்பி வலையில் மெத்தை, தலையணை, உடைந்த நாற்காலி, ஒருமுறை முழு சோபா என்று வந்து சிக்கும், இழுத்துப்போட வேண்டும். கரையில் தானாக முளைக்கும் செடிகளை விரல் அளவில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும். மேலே பைக் ஓட்டிவருகிற பையன்களை விசில் ஊதி இறக்க வேண்டும். இந்த விசிலால்தான் அவளுக்குப் பெயர் வந்தது. மழை வந்த பிறகு அவள் செய்யக்கூடியது எதுவுமில்லை. எல்லாம் மழைக்கு முன்னால் செய்து முடித்திருக்க வேண்டிய வேலைகள்.

அவள் அங்கே வந்ததே வேறு வழியாக. இளவயதில் அவளிடம் ஆடுகள் இருந்தன. கரைமேல் புல் எப்போதும் பசுமையாக இருந்ததால் அங்கேதான் ஓட்டுவாள். அப்போதிருந்த காவல்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு துரத்துவார். அவர் இந்த முனையிலிருந்து வந்தால் இவள் அந்த முனையால் இறங்குவாள். ஆடுகளுக்கு ஒரு குணம் உண்டு, ஏறிய தடத்திலேயே திரும்பத் திரும்ப ஏறும். அந்தத் தடத்தில் புல் போயிற்று. பிறகு பெய்த மழை அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியதில் கரையில் ஒரு வெட்டு விழுந்தது. அப்போதைய இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டு அந்த வெட்டுக்குள் கையை விடச் சொன்னார். முழங்கை வரை போயிற்று.

"யார் பண்ணுனது?" என்று கேட்டார்.

"ஆடுங்க சார்."

"அப்ப ஆடுங்களை வந்து அடைக்கச் சொல்லு."

ஆடுகள் வரவில்லை, அவள்தான் வந்தாள். களிமண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்து, மறுபடி கொட்டி மிதித்து அடைத்தாள். அடுத்த மழையில் அந்த இடம் அசையவில்லை. காவல்காரர் ஓய்வுபெற்றபோது அவளையே கூப்பிட்டார்கள். ஆடுகளை விற்றுவிட்டு வேலையில் சேர்ந்தாள். அதுவரை துரத்தப்பட்டவள், அதன்பிறகு துரத்துகிறவள். இதைச் சொல்லி அவள் தன்னைத்தானே கேலிசெய்துகொள்வாள்.

கரைக்கு இந்தப் பக்கம், பள்ளத்தைத் தாண்டிய மேட்டில் அவள் வீடு. அந்தப் பக்கம், சரிவின் அடியில் இருக்கும் வரிசையில் முதல் வீடு டிரைவருடையது. டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தினமும் சாயங்காலம் படியேறி வருவார். கக்கத்தில் பழைய பஸ் சீட் குஷன் ஒன்று இருக்கும், டிப்போவில் கழித்துப்போட்டது. சரிவில் ஒரே இடத்தில்தான் அதைப் போட்டு உட்காருவார். அங்கிருந்து அவர் வீட்டுக் கூரையும், சமையலறை ஜன்னலும், தூரத்தில் டிப்போவின் தண்ணீர்த்தொட்டியும் தெரியும். விசிலக்கா பைக் பையன்களைப் பார்த்து விசில் ஊதினால், இவர் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "டபுள் விசில் குடுங்க கண்டக்டரம்மா, வண்டியை எடுத்துடலாம்" என்பார்.

"சீட்டு இல்ல, இறங்குங்க" என்பாள் அவள்.

"நான் சொந்த சீட்டோட வந்திருக்கேன்" என்று குஷனைத் தட்டிக் காட்டுவார்.

இந்தப் பேச்சு வருடக்கணக்காக நடந்தது. அதிலிருந்துதான் சம்பந்தம் ஏற்பட்டது. அவருடைய மகன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலையில் இருந்தான். இவளுடைய மகள் மருந்துக்கடையில் இருந்தாள். ஒருநாள் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் பெண் கேட்டார். அவள் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். வீட்டுக்காரர் லேத் பட்டறைக்காரர், இரும்புச் சத்தத்திலேயே காது மந்தமாகிப்போனவர். விஷயத்தை இரண்டு தடவை உரக்கச் சொல்லவேண்டியிருந்ததால், அவர் சம்மதிப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

கல்யாணம் ஆன புதிதில் மகளுக்கும் மாமியாருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரிய காரணம் எதுவுமில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்துவைப்பதா மூடிவைப்பதா என்பதில் ஆரம்பித்தது. தூசி வரும் என்பார் டிரைவரம்மா, புழுங்கும் என்பாள் மகள். ஜன்னல் பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஒருநாள் மகள் பையைத் தூக்கிக்கொண்டு கரையைத் தாண்டி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பல நாள் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பிறகு டிரைவரம்மாவே கரையேறி வந்தார். வாசலில் நின்றபடி, "ஜன்னல் தொறந்தே கிடக்கட்டும், வா" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு இரண்டு பேரும் நகமும் சதையுமாக ஆகிவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லாததைக்கூட மகள் மாமியாரிடம் சொல்வதுண்டு. விசிலக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் நிறைய நிம்மதியும் இருந்தன.

டிரைவர் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் விசிலக்கா ஈரப் புல்லில் இயந்திரத்தோடு சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். வீட்டுக்காரர் பட்டறைக்குப் போயாக வேண்டும், மகளுக்குக் கடை. டிரைவரம்மாதான் தினமும் கரையைத் தாண்டி வந்தார். புருஷன் போய் ஈரம் காயாத நேரம், ஆனாலும் வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியர், மறு கையில் தண்ணீர் பாட்டில். இவளுக்குத் தலைவாரி விட்டார், முதுகு துடைத்துவிட்டார், கட்டிலுக்கு அடியில் வைக்கிற பாத்திரத்தையும் முகம் சுளிக்காமல் எடுத்தார். "எனக்கும் வீட்டுல உக்கார முடியல, வந்துடறேன்" என்று மட்டும் சொல்வார். பாட்டில் எப்போதும் காலியாகவே வந்தது. வழியில் குடித்துவிட்டிருப்பார் என்று விசிலக்கா நினைத்தாள்.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய அன்று அவள் பார்த்தாள். டிரைவர் உட்காருகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரக்கன்று. சுற்றிலும் இரும்புக் கூண்டு. சாலையோரம் கன்று நட்டுக்கொண்டு போன பூங்காப் பிரிவு ஆட்கள், மீந்த கூண்டு ஒன்றை இதற்கும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளுக்குப் பதிலாக வேலை பார்த்த ஆள், இது ஏதோ ஆபீஸ் நட்டது என்று நினைத்து, அதைச் சுற்றி வட்டமாகப் புல் வெட்டி, அழகுக்குக் கல்லும் அடுக்கியிருந்தார். எல்லோரும் நல்லதுதான் செய்திருந்தார்கள்.

விசிலக்கா கூண்டுக்குள் கையை விட்டு, கன்றின் அடியைப் பிடித்தாள். இழுத்தால் வந்துவிடும், அந்த அளவுதான் இருந்தது. அப்போது மேலிருந்து டிரைவரம்மாவின் குரல் கேட்டது.

"பாத்துட்டீங்களா? அவரு உக்கார்ற எடம். நீங்க எந்திரிச்சு வந்து பாக்கட்டும்னுதான் சொல்லாம இருந்தேன்." கையில் பாட்டில் இருந்தது.

விசிலக்கா கையை வெளியே எடுத்துக்கொண்டாள். "நல்லா வந்திருக்கு" என்றாள். அவள் சொன்னது அது ஒன்றுதான்.

கரையில் மரம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வேர் மண்ணைப் பிடித்துவைக்கும் என்று வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள். மலைச்சரிவில் அது சரி. தண்ணீரைத் தடுத்து நிற்கிற மண்கரையில் வேர் போகிற வழியே தண்ணீருக்கும் வழி. மரம் செத்தாலோ இன்னும் மோசம், வேர் மக்கிக் குழாய் மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் தெரிந்தும் அவள் நாளை என்றாள், அடுத்த வாரம் என்றாள். பாட்டிலோடு டிரைவரம்மா வருகிற நேரம் பார்த்துக் கரையின் மறு முனைக்குப் போய்விடுவாள், ஒருகாலத்தில் காவல்காரரைக் கண்டு ஆடுகளோடு போன மாதிரியே. இரண்டு மழைக்காலம் போயிற்று. இரண்டும் லேசான மழை. மரம் அவள் தலைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

புதிதாக வந்திருந்த இன்ஜினியர் சின்ன வயதுப் பெண். ஸ்கூட்டரில் வருவாள், ஹெல்மெட் அழுத்திய தலைமுடியோடு கரை முழுவதும் நடந்து பார்ப்பாள். மழைக்காலத்துக்கு முன்னால் பார்வையிட வந்தவள் மரத்தடியில் நின்றாள்.

"என்னக்கா இது?"

"மரம் மேடம்."

"அது எனக்கும் தெரியுது."

விசிலக்கா விஷயத்தைச் சொன்னாள். இன்ஜினியர் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கையிலிருந்த மெல்லிய கம்பியை மரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தினாள். மற்ற இடங்களில் கொஞ்சம் போய் நின்றுவிடுகிற கம்பி, இங்கே வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"மழைக்கு முன்னாடி எடுத்துடணும். கஷ்டமா இருந்தா சொல்லுங்க, காண்ட்ராக்ட் ஆளுங்களை அனுப்பறேன்" என்றாள் இன்ஜினியர். காண்ட்ராக்ட் ஆட்கள் தரையோடு அறுத்துப்போட்டுவிட்டுப் போவார்கள், வேரைத் தொடமாட்டார்கள். அதை விசிலக்கா சொன்னாள். "தெரியும், அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் விசிலக்கா சம்பந்தி வீட்டுக்குப் போனாள். திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். மகள் அப்போதுதான் கடையிலிருந்து வந்து குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். வருகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

"மரத்தை வெட்டணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நான் என்ன பண்றது சொல்லுங்க."

டிரைவரம்மா தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு இவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஏன் மனசைப் போட்டு அலட்டிக்கறீங்க? ஆபீஸ்தானே, நான் பாத்துக்கறேன்" என்றார். ஆறுதல் சொல்லி அனுப்பியும் வைத்தார்.

அவர் பார்த்துக்கொண்டார். அந்தப் பகுதியின் கவுன்சிலர் பள்ளிக்கூடம் போனதே டிரைவரின் பஸ்ஸில்தான். ஓடிவருகிற பையனுக்காக வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்ட டிரைவரை அவர் மறக்கவில்லை. டிரைவரம்மா போய் உட்கார்ந்து பேசியதும் போனை எடுத்தார். சில நாட்களில் கூண்டுக்குப் புதுப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். இந்த மரத்தை வெட்டக் கூடாது என்று எழுதிய தகடு ஒன்றையும் கட்டினார்கள். டிரைவரம்மா தகட்டைத் துடைத்துவிட்டு விசிலக்காவிடம், "இனிமே உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்.

இன்ஜினியர் மறுபடி வந்தாள். தகட்டைப் படித்தாள். கோபப்படுவாள் என்று விசிலக்கா எதிர்பார்த்தாள்; அவளோ சிரித்தாள்.

"ஆபீஸ் வெட்டச் சொல்லுதுன்னு சொன்னீங்களாமே. ஆபீஸ்னா யாருக்கா? நீங்களும்தானே?"

விசிலக்கா குனிந்து, கூண்டின் அடியில் முளைத்திருந்த செடி ஒன்றைப் பிடுங்கினாள்.

"கவுன்சிலர்கிட்ட நான் பேசிக்கறேன். வரைபடத்தைக் காட்டுனா புரிஞ்சுக்குவார். அந்தம்மாகிட்ட நீங்கதான் பேசணும். நான் பேசுனா அது மறுபடியும் ஆபீஸ் பேசுன மாதிரி ஆயிடும்."

வீட்டில் அவள் வீட்டுக்காரரிடம் உரக்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"வெட்டுனா?"

"சம்பந்தி பேச மாட்டாங்க. பொண்ணு நடுவுல மாட்டிக்குவா. மறுபடி பையைத் தூக்கிக்கிட்டு வந்தாலும் வருவா."

"வெட்டலைன்னா?"

"பெரிய மழை வந்தா கரை போனாலும் போகும். மொத வீடு அவங்களோடது."

"அப்பறம் இதுல என்ன யோசனை?"

"காது கேக்காதவங்களுக்கு எல்லாம் சுலபம்" என்று முணுமுணுத்தாள். அது மட்டும் அவருக்குக் கேட்டது.

மறுநாள் காலை, மகள் கடைக்குப் போன பிறகு, போனாள். டிரைவரம்மா குழாயடியில் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். விசிலக்கா உட்காரவில்லை.

"ஆபீஸ் சொல்லுச்சுன்னு சொன்னேன்ல. ஆபீஸ் இல்ல. நான்தான். அந்த மரம் அங்க இருக்கக் கூடாது. நான்தான் வெட்டப் போறேன்."

டிரைவரம்மா குழாயை மூடினார். "கவுன்சிலர் சொன்னாரே" என்றார்.

"அவரு இன்னொரு தடவை வேற மாதிரி சொல்லுவாரு. மண்ணு யாரு சொல்றதையும் கேக்காது."

"எத்தனை நாளா தெரியும் இது உங்களுக்கு?"

"மொத நாளே தெரியும்."

"கூண்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு நின்னீங்களே, அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான்."

"அப்ப அது இத்தனூண்டு." டிரைவரம்மா ஈரக்கையால் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "அன்னிக்குச் சொல்லியிருந்தா நானே புடுங்கிக் குடுத்திருப்பேனே. ரெண்டு வருஷம் தண்ணி ஊத்த விட்டுட்டு இப்ப வந்து சொல்றீங்க."

"எனக்கு நீங்க அவ்வளவு செஞ்சீங்க. எந்த வாயால சொல்றதுன்னு..."

"அப்ப நான் செஞ்சதுதான் தப்பு."

தெருவிலோ வீட்டுப் பக்கத்திலோ வேறு கன்று நட்டுத் தருவதாக விசிலக்கா சொன்னாள். சொன்னபோதே அது வெறும் பேச்சு என்று அவளுக்கே தெரிந்தது. டிரைவரம்மா பாட்டிலைக் கவிழ்த்துவைத்தார்.

"எனக்கு நிழல் வேணும்னா வெச்சேன்? நிழலுக்கு வீடு இருக்கு. அவரு உக்கார்ந்த எடத்துல ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்னு வெச்சேன்." பிறகு, "எப்ப?" என்றார்.

"இந்த வாரத்துக்குள்ள. வெட்டுனா போதாது, வேரெல்லாம் தோண்டி எடுத்துட்டு மண்ணைப் போட்டு இடிச்சு மூடணும். மழைக்கு முன்னாடி மண்ணு கெட்டிப்படணும்."

"நாளைக்கு நான் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பறேன். திரும்பி வர்றப்ப எல்லாம் முடிஞ்சிருக்கணும். பாதி வெட்டி நிக்கறதை நான் பாக்க மாட்டேன்." உள்ளே போகத் திரும்பியவர் நின்று, "உங்க பொண்ணைப் பத்திப் பயப்படாதீங்க. அவ என் வீட்டுப் பொண்ணு. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடறவ நான் இல்ல. ஆனா உங்ககூடப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

விசிலக்கா படியேறிக் கரைமேல் வந்து திரும்பிப் பார்த்தபோது, சமையலறை ஜன்னல் மூடியிருந்தது.

இன்ஜினியர் கவுன்சிலரிடம் பேசிய வேகத்தில் தகடு கழன்றது, கூண்டும் போயிற்று. மரத்தை அறுப்பதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அதன் பிறகுதான் வேலை. அடிவேரைச் சுற்றித் தோண்டி, கடப்பாரையால் நெம்பி, விரல் பருமனுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு வேரையும் அது முடிகிற இடம்வரை தொடர்ந்துபோக வேண்டும். பெரும்பாலானவை பக்கவாட்டில் ஓடின. ஒன்று மட்டும், மணிக்கட்டு அளவுக்கு, கரையின் குறுக்கே பள்ளத்தின் பக்கம் நேராகப் போயிருந்தது. அங்கே தண்ணீர் வருவதற்கு முன்பே அது தண்ணீரைத் தேடிப் புறப்பட்டுவிட்டது போல் இருந்தது. அதை எடுத்து முடித்தபோது கரையில் ஆள் படுக்கிற அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

அதுதான் பயமான நேரம். மரத்தோடு இருந்ததைவிடக் குழியோடு இருக்கும் கரை பலவீனமானது. மேட்டுப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. வீட்டுக்காரர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். கனமான இரும்புத் தகட்டில் குழாயை வைத்து ஒட்டி ஒரு திமிசு செய்துகொண்டு வந்திருந்தார், தூக்கித் தூக்கி மண்ணை இடிப்பதற்கு. கரையின் ஓரம் ரிப்பேருக்கென்று குவித்திருக்கும் களிமண்ணை எடுத்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, குழியில் மெல்லிய அடுக்காகப் பரப்பி இடிக்க வேண்டும். அடுக்கு தடித்தால் மேலே கெட்டியாகும், உள்ளே பஞ்சாக இருக்கும். பிறகு அடுத்த அடுக்கு. அவர் சத்தத்துக்குப் பழகியவர், நிறுத்தாமல் இடித்தார்.

மகள் கடை விட்டதும் நேராக அங்கே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி மிதித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஜன்னலை மூடியே வெச்சிருக்காங்கம்மா" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"இப்ப எப்படிச் சொல்றது? புழுங்குது. பொறுத்துக்கறேன்." இன்னும் கொஞ்சம் மிதித்தாள். "உன்மேல கோவம், என்மேல இல்லன்னுதான் சொல்றாங்க. ஆனா உன் பேச்சை எடுத்தா அடுப்பைத் துடைக்க ஆரம்பிச்சுடறாங்க. ஏற்கெனவே தொடச்ச அடுப்பை."

கரையின் கடைசி முனையிலிருந்து புல்லை மண்ணோடு பெயர்த்துவந்து மேலே பதித்தாள் விசிலக்கா. அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தனியாகத் தெரிந்தது. அறுத்த மரத்தைக் கீழே வேலியோரம் கிடத்தியிருந்தாள். டிரைவரம்மா வந்து சொல்கிறபடி செய்யலாம் என்று விட்டுவைத்தாள். திரும்பிவந்த டிரைவரம்மா எதுவும் சொல்லவில்லை. அது அங்கேயே கிடந்து உலர்ந்தது. சாயங்காலம் அவர் கரைக்கு வருவதும் நின்றுவிட்டது. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார். அது பழக்கமில்லாதவர்களுக்கும் அசைக்கிற தலையசைப்பு.

புல் வேர்பிடித்து நிறம் மாறத் தொடங்கியிருந்தபோது பெரிய மழை வந்தது. விடியும்போதே பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் பள்ளத்தில் கோல்போஸ்ட் முழுகியது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளாக அவ்வளவு தண்ணீர் நின்று பார்த்ததில்லை. குழாய் வாயை முந்தின நாளே சுத்தம் செய்திருந்தாள். அது தன்னால் முடிந்ததை விழுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் செய்ய வேலை இல்லை. சரிவின் அடியில் இன்ஜினியர் ரெயின்கோட்டோடு நடந்து, எங்காவது கலங்கல் தண்ணீர் ஊறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். விசிலக்கா மேலே நின்று, ஒட்டுப்போட்ட இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஊர் ஜனம் குடையோடு வேடிக்கை பார்க்க வந்தது. கொழுந்தனும் வந்தான், தண்ணீரைப் பார்த்தான், வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் டிரைவரம்மா படியேறி வந்தார். குடையைச் சாய்த்துப் பள்ளத்தைப் பார்த்தார். அதில் பழுப்புத் தண்ணீர் கரைமேட்டுக்குச் சற்றுக் கீழே வரை நின்றது. திரும்பி மறுபக்கம் தன் வீட்டைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

"என் வீடு இவ்வளவு கீழயா இருக்கு?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

பிறகு விசிலக்காவின் பக்கத்தில் வந்து நின்று அந்த இடத்தைப் பார்த்தார். ஒரு காலைச் சரிவில் எடுத்துவைத்தார்.

"அங்க கால் வைக்காதீங்க" என்றாள் விசிலக்கா. "மழைல சரிவுல யாரும் இறங்கக் கூடாது."

"நானுமா?"

"நீங்களும்தான்."

டிரைவரம்மா காலை எடுத்துக்கொண்டார். விசிலக்கா எல்லோருக்குமாக விசிலை நீளமாக ஊதினாள். கூட்டம் முனகிக்கொண்டே படியிறங்கியது. அவரும் அதோடு இறங்கிப் போனார்.

சாயங்காலம் மழை விட்டது. தண்ணீர் கரைமேட்டைத் தொடவில்லை. குழாய் அதன்பிறகு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக அதை ஊருக்குள் விட்டுக்கொண்டிருந்தது. சாக்கடையில் அதிகமாக ஓடுகிறதே என்று கடைத்தெருவில் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். பத்திரிகையில் மழை அளவு வந்தது. அணையைப் பற்றி எதுவும் வரவில்லை. வராமல் இருப்பதுதான் நல்ல செய்தி.

பள்ளம் காய்ந்து, பந்து விளையாட்டு மறுபடி தொடங்கிய பிறகு, ஒரு சாயங்காலம் விசிலக்கா சரிவில் புல் வெட்டிக்கொண்டு வந்தாள். மழைக்குப் பிறகு புல் கண்டபடி வளர்ந்திருந்தது. பாதி தூரம் வந்தபோதுதான் பார்த்தாள். ஒட்டுப்போட்ட இடத்தில், இப்போது அது எது என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும், டிரைவரம்மா பஸ் சீட் குஷனைப் போட்டு உட்கார்ந்திருந்தார். விசிலக்கா இயந்திரத்தை அணைத்தாள்.

டிரைவரம்மா நிமிர்ந்து பார்க்காமலே கீழே கையைக் காட்டினார்.

"இங்கருந்து என் ஜன்னல் தெரியுது. இத்தனை வருஷமா என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. டிப்போவைப் பாக்கறேன்னு சொல்லுவாரு" என்றார் டிரைவரம்மா.

ஜன்னல் திறந்திருந்ததை விசிலக்கா பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். மரம் இருந்திருந்தா அன்னிக்குக் கரை உடைஞ்சிருக்குமா?"

"தெரியாது" என்றாள் விசிலக்கா.

"தெரியாமலா வெட்டுனீங்க?"

"தெரியாததாலதான் வெட்டுனேன்."

டிரைவரம்மா அதை யோசித்தார். ஒப்புக்கொண்டாரா என்று முகத்தில் தெரியவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. குஷனை இன்னும் கொஞ்சம் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விசிலக்கா கயிற்றை இழுத்தாள். இயந்திரம் இருமிவிட்டுக் கிளம்பியது. குஷனைச் சுற்றி வந்து, அவர் பக்கத்தில் நிறுத்திக் குனிந்தாள்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க சம்பந்தி" என்றாள். "அடியில வெட்டணும்."

டிரைவரம்மா காலைத் தூக்கிக்கொண்டார்.